கதவுக்கு வெளியே என் வாப்பா

நாட்டுக்குள் வரும் விமானங்களை எல்லாம் நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி தொலைக்காட்சியில் வந்த இரவில் நான் கைதட்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் அது உண்மையான கட்டுரையாக இருக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது 2020 மார்ச் மாதம். நான் தரம் எட்டில் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் 11 ஆம் திகதி இலங்கையர் ஒருவருக்கு நாட்டுக்குள்ளேயே கொரோனா தொற்றியிருப்பது உறுதியானது. இத்தாலியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகச் சென்றவர் அவர். அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனமும் இதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 13 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. 19 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பயணிகள் வருவது நிறுத்தப்பட்டது. 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு.

விமான நிலையச் செய்தி வந்தபோது நானும் தம்பியும் பாயில் உட்கார்ந்திருந்தோம். "அல்ஹம்துலில்லாஹ்! இனி நோய் உள்ளுக்கு வராது" என்று சொல்லி நான் கைதட்டினேன். என்னைப் பார்த்து ஆறு வயதுத் தம்பியும் தட்டினான். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்கட வாப்பா எங்க புள்ள இரிக்கார்?" என்று மட்டும் கேட்டார்.

என் வாப்பா கட்டாரில் இருந்தார். நான் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது டோஹாவுக்குப் போனவர். அங்கே ஒரு கட்டட நிறுவனத்தில் சாரதி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத விடுமுறையில் வருவார். அந்த முறை நோன்புக்கு வருவதாக இருந்தது. ஏப்ரல் 22 ஆம் திகதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உம்மா கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். கைதட்டிய நேரத்தில் அந்த வட்டம் என் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது நினைவில் வரவேயில்லை.

உண்மையில் வாப்பாவுக்கு ஒரு கதவு அல்ல, இரண்டு கதவுகள் மூடப்பட்டிருந்தன. எங்கள் நாடு மூடுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே, மார்ச் 9 ஆம் திகதி, கட்டார் 14 நாடுகளிலிருந்து வருவோருக்குத் தடை விதித்திருந்தது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. எப்படியாவது ஊருக்கு வந்து சேர்ந்தாலும் வாப்பா திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போக முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. "பிரயாணத் தடை" என்று செய்தியில் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருப்பது அன்று எனக்குத் தெரியாது.

ஊரடங்கு நாட்களில் எங்கள் பாடங்கள் எல்லாம் வாட்ஸ்அப்புக்கு வந்தன. தமிழ்ப்பாட ஆசிரியை "கொரோனாவிலிருந்து நாட்டைக் காப்போம்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். "வெளிநாட்டிலிருந்து வருவோரே இந்நோயைக் கொண்டு வருகின்றனர். ஆகவே அவர்களை நாட்டுக்குள் விடாதிருப்பதே நமது முதற் கடமை" என்று அதில் ஒரு பந்தி. அடிக்கோடும் இட்டிருந்தேன். உம்மா அதை வாசிக்காமலே படம் பிடித்து ஆசிரியைக்கு அனுப்பினார். மகள் எழுதியது என்ற பெருமையில் வாப்பாவுக்கும் அனுப்பிவிட்டார்.

வாப்பாவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "மகள்ட எழுத்து நல்ல வடிவா இரிக்கி. உறுப்பு எழுத்தும் இன்னும் நல்லா எழுதிப் பழகணும், சரியா?" அவ்வளவுதான். எழுத்தைப் பற்றிச் சொன்னார். எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் நான் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

டோஹாவில் வாப்பாவின் அறையில் ஆறு பேர். தொழிற்பேட்டைப் பகுதியின் பெரும்பங்கை மார்ச் நடுப்பகுதியிலேயே அடைத்துவிட்டார்கள். வாப்பாவின் நண்பர்கள் சிலர் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் தொலைபேசியில் "இஹ்திராஸ்" என்றொரு செயலியை வைத்திருக்க வேண்டும் என்றானது. அரபியில் அதற்கு முன்னெச்சரிக்கை என்று பொருள். அதில் ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் தனிமைப்படுத்தப்பட்டவர். சாம்பல் என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் நோயாளி. பச்சை இல்லாமல் கடைக்குள்ளும் போக முடியாது. வாப்பா தினமும் இரவு இமோவில் பேசும்போது அந்தப் பச்சை நிறத்தைப் படம் எடுத்து அனுப்புவார். தம்பி ஸலாம் சொல்வதற்கு முன்பே, "வாப்பா, இண்டைக்கும் பச்சையா?" என்று கேட்பான்.

நோன்பு வந்தது. ஏப்ரல் 22 கலண்டரில் வட்டத்தோடு கடந்து போனது. பெருநாளும் வீட்டுக்குள்ளேயே முடிந்தது. மே மாதத்தில் குவைத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களில் பலருக்குத் தொற்று இருப்பது தெரிய வந்ததும் ஊரில் பேச்சு மாறியது. "இஞ்ச நாம கட்டுப்பாடா இரிக்கம். வெளிநாட்டில இரிந்து வாறவங்கதான் பரத்துறாங்க" என்று வேலிக்கு அப்பால் பேசியது எங்கள் காதில் விழும். மாதா மாதம் வெளிநாட்டுக் காசு வரும்போது யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்கள் வாயால் சொன்னார்கள். நான் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

ஜூலை மாதத்தில் வாப்பும்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி அவர் கடைசி மகளோடு, எங்கள் மாமியின் வீட்டில், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. கண்ணிலும் வெண்படலம். அதனால் இமோவில் மகனின் முகத்தைக் காட்டினாலும் அவருக்குத் தெரியாது. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "மனே, நீ எப்படா வருவாய்? நான் மௌத்தானா நீதான் எனக்கு மண் போடணும். என்னை மண்ணில வைங்கடா" என்று அழுவார்.

அவர் ஏன் அப்படிக் கெஞ்சினார் என்பது எங்கள் சமூகத்தில் எவருக்கும் விளங்கும். கொவிட் தொற்றுடன் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எங்கள் நாட்டில் 2021 பெப்ரவரி கடைசி வரை அது அனுமதிக்கப்படவில்லை. மார்ச் மாதத்தில்தான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதுவரை எங்கள் வீட்டு முதியவர்கள் மௌத்தை விட மௌத்துக்குப் பின் வரப்போகும் பரிசோதனை முடிவுக்கே அதிகம் பயந்தார்கள். அந்த விதியையும் எங்கோ சிலர் கைதட்டி வரவேற்றிருப்பார்கள். அவர்களின் வீட்டில் வாப்பும்மாவைப் போல அழுத ஒருவர் இருந்திருக்கமாட்டார்.

வாப்பா ஊருக்கு வருவதென்று முடிவெடுத்தார். ஆகஸ்ட் முதல் விசேட அனுமதி பெற்ற வதிவாளர்கள் கட்டாருக்குத் திரும்பலாம் என்று அந்த நாடு அறிவித்திருந்தது. ஆனால் வாப்பா வேலை செய்த இடத்தில், "போறதென்றால் போங்க. திரும்ப எடுப்போம் என்று உறுதி தர ஏலாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் உம்மா. மறுபக்கம் வேலை. வாப்பா இரண்டு இரவு தூங்கவில்லை என்று பின்னர் சொன்னார்.

முடிவெடுப்பது ஒன்று. வந்து சேர்வது வேறொன்று. நம் நாட்டுக்குள் நம் நாட்டவரே அனுமதி இல்லாமல் வர முடியாத காலம் அது. இணையத்தில் பதிய வேண்டும். தூதரகத்திலிருந்து அழைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். விசேட விமானங்கள் சில மட்டுமே வந்தன. கர்ப்பிணிகளும் நோயாளிகளும் விசா முடிந்தவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அது நியாயம்தான். வாப்பா ஆறு வாரம் காத்திருந்தார். தினமும் பச்சை நிறத்தோடு சேர்த்து, "இண்டைக்கும் பேர் வரல்ல" என்ற செய்தியும் வரும். உம்மா தன் காப்பு இரண்டையும் அடகு வைத்து டிக்கெட் காசை அனுப்பினார்.

செப்டெம்பரில் பெயர் வந்தது. கட்டுநாயக்கவில் இறங்கியதும் பீ.சீ.ஆர். பரிசோதனை. அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி இராணுவம் நடத்திய ஒரு தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே 14 நாட்கள். பிறகு வீட்டில் இன்னும் 14 நாட்கள். அதுதான் அந்த நேரத்து விதி. நிலையத்தில் தங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்று வாப்பா சொன்னார். காய்ச்சல் பார்க்க வரும் இளம் சிப்பாய் ஒருவர் வாப்பாவின் கதையை அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வெப்பமானியை நீட்டும்போதே, "அம்மாட்ட கொஹொமத?" என்று கேட்பாராம். உம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று. விதியை நடத்துகிறவர் ஒரு மனிதராகவும் இருக்கலாம் என்பதை அந்தச் சிப்பாய் எனக்குக் காட்டித் தந்தார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்காக துஆச் செய்திருக்கிறேன்.

இனி நான் சொல்லத் தயங்கும் இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன்.

வாப்பா வீடு வந்தது ஒரு பின்னேரம். தொற்று இல்லை என்ற சான்றிதழை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கையில் பிடித்திருந்தார். எங்கள் கேற்றில் "தனிமைப்படுத்தப்பட்ட வீடு" என்ற அறிவித்தலை ஏற்கெனவே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் யன்னல்கள் திறந்திருந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. வாப்பா மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பார்த்த வாப்பா இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மகள்..." என்று கையை நீட்டினார்.

நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது விதிதான். நான் செய்தது பிழை என்று எந்தச் சுகாதார அதிகாரியும் சொல்லமாட்டார். ஆனால் நான் விதியை நினைத்துப் பின்னால் போகவில்லை. பயந்து போனேன். என் முகத்தில் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் வாப்பாவின் முகம் ஒரு கணம் மாறியது. அடுத்த கணம் அவரே ஓரடி பின்னால் வைத்து, "சரி மகள், அதுதான் சட்டம். வாப்பாவும் மறந்து போய்ட்டன்" என்று சிரித்தார். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொன்னார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

முன்னறை வாப்பாவுக்கு ஒதுக்கப்பட்டது. விறாந்தையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்தோம். அதற்கு அப்பால் வாப்பா. இப்பால் நாங்கள். அந்தக் கதிரைதான் எங்கள் வீட்டுக் குடிவரவு அலுவலகம். தேத்தண்ணிக் கோப்பையை அதில் வைத்துவிட்டு நான் விலகி நிற்பேன். வாப்பா வந்து எடுத்துக்கொண்டு போவார். வெறும் கோப்பை திரும்பி வந்ததும் உம்மா சுடுதண்ணீரில் போட்டுக் கழுவுவார். தம்பிக்கு இது ஒரு விளையாட்டு. கதிரைக்குப் பக்கத்தில் நின்று, "பாஸ்போட் காட்டுங்க" என்று வாப்பாவிடம் கேட்பான். வாப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் நகராமல் நின்றேன். "வாப்பா, அந்தக் கட்டுரை..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

வாப்பா கோப்பையை எடுத்தார். நின்றபடியே ஒரு மிடறு குடித்தார். "நீ எழுதினது பிழை எண்டு நான் நினைக்கல்ல மகள். நான் ஊரில இரிந்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். உள்ளுக்கு இரிக்கிறவனுக்குக் கதவு சின்னதாத்தான் தெரியும். வெளிய நிண்டு பார்க்கக்குள்ளதான் அது எவ்வளவு பெருசு எண்டு விளங்கிச்சு." பிறகு, "தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வாப்பும்மா இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தார். பாங்கு சொல்லும்போது மாமியின் வீட்டுச் சேவல் கூவுவது எங்களுக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம். இரண்டு கடல் தாண்டி வந்த வாப்பா அந்த இரண்டு ஒழுங்கையைத் தாண்ட 14 நாட்கள் இருந்தார். ஒரு நாள் இரவு வாப்பும்மாவுக்கு மூச்சு இழுத்தது. மாமி அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார். வாப்பா கேற் வரை போனார். கேற்றில் ஒட்டியிருந்த அறிவித்தலில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து தொழுதார். "நான் போய் அந்தக் கிழவிக்கு நோயைக் குடுத்தா, பிறகு மண்ணும் இல்லையே" என்று உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பும்மாவுக்கு விடியும்போது இலேசாகிவிட்டது.

பதினைந்தாம் நாள் ஸுபஹ் தொழுததும் வாப்பா மாமி வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். வாப்பும்மா இரண்டு கையாலும் மகனின் முகத்தைத் தடவினார். நெற்றி, கன்னம், தாடி. "மெலிஞ்சி போய்ட்டாயே மனே" என்றார். கண் தெரியாத அவர் ஒரு தொடுகையில் கண்டுபிடித்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் பின்னால் போயிருந்தேன். அன்று வீடு திரும்பும் வழியில் நான் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பதின்மூன்று வயதில் அப்படி நடப்பது கூச்சம்தான். ஆனாலும் விடவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்குப் பின், பாடசாலை மீண்டும் தொடங்கிய பிறகு, எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டில் ஷாம் தேசத்தில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயைப் பற்றிச் சொன்னார். படையோடு ஷாமின் எல்லை வரை சென்ற உமர் (ரழி) அவர்கள், நோய் பரவிய செய்தி கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற கருத்துடைய நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் அங்கே எடுத்துச் சொன்னார்கள். இந்த அளவு நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டதுதான். கொரோனா காலத்தில் எல்லாப் பயானிலும் சொன்னார்கள்.

ஆசிரியை அதற்குப் பின்னால் நடந்ததையும் சொன்னார். ஷாமில் இருந்த தளபதி அபூ உபைதா (ரழி) அவர்களை உமர் (ரழி) அவர்கள் மிகவும் நேசித்தார்கள். மதீனாவுக்கு வந்துவிடுமாறு கடிதம் எழுதினார்கள். என்னோடு இருக்கும் மக்களை விட்டு நான் மட்டும் வரமாட்டேன் என்ற கருத்தில் அபூ உபைதா (ரழி) பதில் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை வாசித்து உமர் (ரழி) அழுதார்கள். சிறிது காலத்தில் அபூ உபைதா (ரழி) அந்த நோயிலேயே வபாத்தானார்கள்.

அந்தப் பாடவேளையில் நான் குனிந்துகொண்டேன். எல்லையில் நின்று திரும்பிய அதே உமர் (ரழி) அவர்கள்தான் எல்லைக்கு அப்பால் இருந்தவருக்காக அழவும் செய்தார்கள். அந்த நபிமொழி நோயுள்ள ஊருக்கு வெளியே இருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. உள்ளே இருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. இரண்டு பேருக்கும் அதில் இழப்பு இருக்கிறது. நானோ இழப்பு எல்லாம் வெளியே நிற்பவருக்கு, நிம்மதி எல்லாம் எனக்கு என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அதன் பிறகு இந்த விடயத்தைப் பற்றி எங்கே கண்டாலும் வாசிப்பேன். 1377 இல், இன்று டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகுசா நகரம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோர் 30 நாட்கள் நகருக்கு வெளியே தங்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பின்னர் அது 40 நாட்களானது. தனிமைப்படுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்களை வாந்திபேதிக்குப் பயந்து செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கித் தடுத்துவைத்தார்கள். எங்கள் மலையகத்துக்குத் தொழிலாளராக வந்தவர்களில் பலர் இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். நூற்றாண்டுகளாகக் கதவுகளை மூடியிருக்கிறார்கள். பல சமயங்களில் அதனால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் முதலில் தடுத்துவைக்கப்படுபவர் பெரும்பாலும் உழைக்கப் போகும் ஏழையாகவோ தூரத்திலிருந்து வரும் யாத்திரிகராகவோ இருப்பதையும் நான் கவனித்தேன்.

வாப்பாவின் கட்டார் வேலை போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஊரில் கூலிக்கு வேன் ஓட்டினார். 2021 கடைசியில் புதிய விசாவில் மீண்டும் டோஹாவுக்குப் போனார். அப்போது விதிகள் வேறு உருவத்தில் இருந்தன. எங்கள் நாட்டில் அதிகமானோருக்குப் போலவே வாப்பாவுக்கும் ஏற்றியது சைனோபார்ம் தடுப்பூசி. கட்டார் அதை நிபந்தனையோடுதான் ஏற்றுக்கொண்டது. உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் கேட்டார்கள். எந்த ஊசி கிடைக்கிறதோ அதைத்தானே ஏழை நாட்டு மனிதர் போட்டுக்கொள்ள முடியும்? வாப்பா ஒரு கோவை நிறையத் தாள்களோடு புறப்பட்டார். விடியப்புறம் வேன் வந்து நின்றபோது நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். அந்த இரண்டு அடிக்கும் சேர்த்துத்தான் பிடித்தேன். வாப்பாவுக்கு அது விளங்கியிருக்கும்.

2022 மார்ச்சில், முழுமையாகத் தடுப்பூசி ஏற்றியவர்கள் பீ.சீ.ஆர். இல்லாமல் இலங்கைக்கு வரலாம் என்றானது. அந்த வருட டிசம்பரில் மீதி நிபந்தனைகளும் நீங்கின.

2023 ஆரம்பத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வாப்பும்மா மௌத்தானார். வாப்பா அன்று நள்ளிரவு தாண்டிய விமானத்தைப் பிடித்தார். காலையில் கட்டுநாயக்க. ஒருவரும் படிவம் கேட்கவில்லை. பரிசோதனை இல்லை. 14 நாள் இல்லை. குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரை குத்தித் தந்தார், அவ்வளவுதான். பின்னேரம் வாப்பா ஊருக்கு வந்து சேர்ந்தார். மஃரிபுக்கு முன் நல்லடக்கம். தன் உம்மாவின் ஜனாஸாவைத் தோளில் சுமந்துகொண்டு அவர் ஒழுங்கையில் நடந்து போனதை நான் மாமியின் வீட்டு யன்னலில் நின்று பார்த்தேன். வாப்பும்மா கேட்டபடி அவர் கையால் மண் விழுந்தது.

கதவு திறந்திருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை அன்றுதான் முழுதாக அறிந்தேன். திறந்திருக்கும் நாட்களில் அது எங்கள் கண்ணுக்கே தெரிவதில்லை.

இன்னொரு பெருந்தொற்று வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அன்றும் நாடுகள் கதவை மூடலாம். மூடத்தான் வேண்டியும் வரலாம். இந்தப் பாடசாலையில் படிக்கும் எங்களில் யாராவது ஒருத்தி வைத்தியராகவோ அதிகாரியாகவோ இருந்து அந்த முடிவில் கையெழுத்து வைக்கவும் கூடும். அந்தக் கை என்னுடையதாக இருந்தால், கையெழுத்து வைப்பதற்கு முன் வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்பேன். அவர்கள் எத்தனை நாளில், எந்த வழியில் வீடு வந்து சேர்வார்கள் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்வேன்.

எப்படியிருந்தாலும் அன்று இரவு செய்தி வரும்போது நான் கைதட்டமாட்டேன்.